சுவரா, வாய்க்காலா, கடற்கரையா? ரோமானிய எச்சங்களை ஒட்டி ஒரு வாரம் நடக்க மூன்று இடங்கள்

"டூர் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பார்க்கிறதா இருந்தா எனக்கு வேண்டாம். நடக்கணும். நடக்கிற வழியில ரோமானியர் கட்டினது ஏதாவது இருக்கணும். கையில ஒரு வாரம்தான். எங்கே போகட்டும், சொல்லு."

அக்கா போனில் இப்படிக் கேட்டாள். போன வருடம் அண்ணன் மகன் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அதற்கு முன்னால் ஓய்வுபெற்ற நண்பர்கள் இருவர் கேட்டார்கள். மூன்று தரப்புக்கும் மூன்று வெவ்வேறு இடங்களைச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கமாக எழுதி வைத்தால், இதே குழப்பத்தில் இருக்கும் இன்னும் சிலருக்கு உதவும்.

ரோமானியர் விட்டுப்போனவற்றில் அரங்கம், கோயில், குளியல் கூடம் எல்லாம் ஒரே இடத்தில் நிற்பவை. வண்டியில் போய் இறங்கி, ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அவர்கள் கட்டியவற்றில் என்னை அதிகம் ஈர்ப்பவை நீளமானவை: எல்லைச் சுவர், தண்ணீர் வாய்க்கால், சாலை. அவற்றை வகுத்தவர்கள் நிலத்தை நடந்து அளந்துதான் வகுத்தார்கள். சுவர் இந்த மேட்டில் ஏன் ஏறுகிறது, வாய்க்கால் அந்தக் குன்றை ஏன் சுற்றிப் போகிறது என்பது நாமும் நடந்தால்தான் பிடிபடும். அதனால் ஒரு வார நடைக்கு நான் எடுத்துக்கொண்டவை மூன்று: வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர், தென் பிரான்சில் உஸேஸிலிருந்து நீம் நகருக்குப் போன வாய்க்கால், துருக்கியின் தென்கரையில் லிசியப் பாதை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எச்சம் பாதையிலேயே இருக்கிறதா, பாதையை விட்டு விலகிப் போய்ப் பார்க்க வேண்டியதா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாள் முழுக்கச் சுவர் கூடவே வருவது ஒரு அனுபவம். ஐந்து மணி நேரம் காட்டில் நடந்து, முடிவில் ஒரு வளைவைக் காண்பது வேறு அனுபவம்.

அடுத்தது கால். கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். புல்தரையில் 15 கிலோமீட்டரும், கூரான சுண்ணாம்புப் பாறையில் 15 கிலோமீட்டரும் ஒன்றல்ல. அப்புறம் மாதம். மூன்று இடங்களுக்கும் நல்ல மாதங்கள் வேறு வேறு, கெட்ட மாதங்களும் வேறு வேறு. மாலையில் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, பையை யார் தூக்குவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நான் எல்லாவற்றையும்விட அதிகம் மதிக்கும் அளவுகோல் இன்னொன்று: பாதியில் நிறுத்த முடியுமா? மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் வந்தால், பஸ்ஸோ ரயிலோ பிடித்து அறைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? ஊரில் திட்டம் போடும்போது இதை யாரும் கேட்பதில்லை. அங்கே போனதும் இதுதான் முதல் கேள்வியாகிவிடும்.

செலவைத் தனியாகச் சொல்லவில்லை. டிக்கெட், அறை விலை எல்லாரும் பார்ப்பதுதான். வெளியே தெரியாத செலவை ஒவ்வொரு இடத்துக்கும் கீழே சொல்கிறேன்.

## ஹேட்ரியன் சுவர், இங்கிலாந்து

பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-ல் பிரிட்டனுக்கு வந்தார். அப்போது தொடங்கிய வேலை இது. கிழக்கே டைன் ஆற்றிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை 117 கிலோமீட்டர். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு கோட்டை, இரண்டு சிறு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள். நிலம் எப்படி இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறவில்லை. செங்குத்தான சரிவில்கூட வாசல் வைத்த சிறு கோட்டைகளைக் காணலாம்.

சுவரை ஒட்டிய நடைப்பாதை 2003-ல் திறக்கப்பட்டது. நியூகாசில் பக்கம் வால்ஸெண்டில் தொடங்கி, போனெஸ் என்ற கரையோரக் கிராமத்தில் முடிகிறது. மொத்தம் 135 கிலோமீட்டர். ஏழு நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பலரும் அப்படியே பதிவு செய்துவிடுகிறார்கள். இங்கேதான் நான் கை நீட்டி நிறுத்துவேன். 135 கிலோமீட்டரிலும் சுவர் இல்லை. கிழக்கில் முதல் நாள் பெரும்பகுதி நகரமும் ஆற்றோரத் தார்ப்பாதையும். அடுத்த நாள் பாதை நெடுஞ்சாலையை ஒட்டியே போகும். ஸ்காட்லாந்தில் 1745-ல் எழுந்த கலகத்துக்குப் பிறகு படைகள் விரைந்து போவதற்காகப் போட்ட சாலை அது. சுவரை இடித்து, அந்தக் கல்லையே அடித்தளமாக நிரப்பிப் பல மைல் தூரம் போட்டார்கள். மேற்கில், கார்லைலுக்கு அப்பால் தட்டையான வயல்களும் உப்புச் சதுப்பும்தான். அந்தப் பக்கம் சுவரை முதலில் புல்மண் கட்டிகளால்தான் எழுப்பினார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை.

அதனால் முனைக்கு முனை நடந்தேன் என்ற பெருமை வேண்டாம் என்றால், நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்டர்ஸ் கோட்டையிலிருந்து பேர்டோஸ்வால்ட் கோட்டை வரை சுமார் 35 கிலோமீட்டர். அதை நான்கு நாளாகப் பிரித்து, மீதி நாட்களை விண்டோலாண்டா கோட்டைக்கும் ஒரு மழை நாளுக்கும் ஒதுக்குங்கள்.

இந்த நடுப்பகுதியில் கரும்பாறை முகடு ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. வடக்கே பார்த்தால் செங்குத்துப் பாறை, தெற்கே பார்த்தால் மெல்லிய புல் சரிவு. சுவர் அந்த முகட்டின் விளிம்பிலேயே ஏறி இறங்குகிறது. மிக உயர்ந்த இடம் 345 மீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு பிளவிலும் படிபடியாக இறங்கி மறுபடி ஏற வேண்டும், முழங்கால் உணரும். அப்படி ஒரு பிளவில் தனித்து நின்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக வெட்டிவிட்டார்கள். அடிமரத்திலிருந்து அடுத்த ஆண்டே தளிர்கள் வந்தன. அந்த இடத்தில் வரும் ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார்கள். நானும் நின்றேன்.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் படைவீரர்களின் கழிப்பிடத்தைக் கட்டாயம் பாருங்கள். வரிசையாக உட்காரும் இடம், அடியில் ஓடும் சாக்கடை, முன்னால் கழுவிக்கொள்ள ஒரு சிறு வாய்க்கால், தண்ணீர் பிடித்து வைக்கக் கல்தொட்டி. மழை நாட்டில் மழைத் தண்ணீரை வீணாக்காமல் யோசித்திருக்கிறார்கள். பேர்டோஸ்வால்டுக்குக் கொஞ்சம் முன்னால் வில்லோஃபோர்டில், புல்வெளி நடுவே ஒரு பாலத்தின் முனைக் கட்டுமானம் நிற்கும். பக்கத்தில் ஆறே இல்லை. இர்த்திங் ஆறு இத்தனை நூற்றாண்டில் மேற்கே நகர்ந்து போய்விட்டது.

விண்டோலாண்டா, சுவருக்குக் கொஞ்சம் தெற்கே, சுவருக்கு முன்பே இருந்த கோட்டை. 1973 முதல் அங்கே ஈர மண்ணிலிருந்து எடுத்த மரச்சீட்டுகள்தான் இந்தப் பயணத்தின் உச்சம் என்பேன். அஞ்சலட்டை அளவு, மரச்சீவல் போல மெல்லியவை, மையால் எழுதியவை. பெரும்பாலானவை லண்டனில் இருக்கின்றன, சில இங்கேயே இருக்கின்றன. க்ளாடியா செவரா என்ற பெண், தோழி சுல்பிசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி எழுதிய சீட்டு அவற்றில் ஒன்று. ஒரு கணக்குச் சீட்டில் மிளகு வாங்கியதற்கு 2 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று ஒரு பதிவு இருக்கிறது. அந்த மிளகு முசிறிக் கரை மலைகளில் விளைந்தது. பொன்னைக் கொடுத்து யவனர் மிளகை ஏற்றிப்போன கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது போய்ச் சேர்ந்த கடைசி முனைகளில் ஒன்று இந்தக் குளிர்ந்த மேடு.

போக வேண்டிய மாதங்கள் மே முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் ஈர நிலத்தில் பலர் நடந்தால் அடியில் புதைந்திருக்கும் எச்சங்கள் சிதையும் என்பதால், நடப்பவர்கள் கோட்டைக்குக் கோட்டை முத்திரை பதித்துக்கொள்ளும் ஏற்பாடுகூட மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான். சுவர் மேல் ஏறி நடக்கக் கூடாது. படம் எடுக்க ஆசையாக இருந்தாலும் வேண்டாம், ஏற்கெனவே கல் பெயர்ந்த இடங்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பாதியில் நிறுத்த மூன்றிலும் எளிதான இடம் இதுதான். நியூகாசிலுக்கும் கார்லைலுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. ஹெக்ஸம், ஹால்ட்விசில் இரண்டிலும் நிற்கும். சுவரை ஒட்டி ஒரு பஸ் ஓடுகிறது, அதன் எண்ணே ஏடி122, அதாவது கி.பி. 122, சுவர் தொடங்கிய ஆண்டு. குளிர்காலத்தில் அந்தப் பஸ்ஸை நம்ப வேண்டாம். ஹால்ட்விசிலில் ஒரே அறையை எடுத்துத் தங்கி, காலையில் பஸ்ஸில் போய் இறங்கி, அறை நோக்கி நடந்து வருவதுதான் என் பழக்கம். பை தூக்கும் வேலையே இல்லை.

வெளியே தெரியாத செலவு: நடுப்பகுதியில் அறைகள் குறைவு. சீசனுக்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். தனியாகப் போனாலும் இருவர் அறைக்கான வாடகையையே பெரும்பாலும் கேட்பார்கள், வார இறுதியில் இரண்டு இரவாவது தங்கச் சொல்வார்கள். செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், பேர்டோஸ்வால்ட் மூன்றுக்கும் ஒரே அமைப்பு. வெளிநாட்டினருக்கு 9 நாள் பாஸ் உண்டு, அதை வாங்கினால் மிச்சம். விண்டோலாண்டா வேறு அமைப்பு, அதற்குத் தனி டிக்கெட். இரவில் டாக்ஸி கிடைப்பது சிரமம். ஒரு நாள் மழையில் தாமதமாகி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம், விடுதியில் சமையலறையை மூடிவிட்டார்கள். பிஸ்கட்டும் ஆப்பிளும்தான் இரவுச் சாப்பாடு. அதன்பிறகு காலையிலேயே ரொட்டியும் சீஸும் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன்.

எப்போது இது சரி: முதல் முறை நெடுநடை போகிறவர்களுக்கு, தனியாக நடக்கும் பெண்களுக்கு, இங்கிலாந்தில் உறவினர் இருப்பவர்களுக்கு. எப்போது வேண்டாம்: காற்றோடு வரும் சாய்மழை மனதைக் கெடுத்துவிடும் என்றால்.

## உஸேஸ் முதல் நீம் வரை, தென் பிரான்ஸ்

நீம் நகருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. உஸேஸ் அருகே நல்ல ஊற்று. நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மேடு. அதனால் வாய்க்காலைச் சுற்றி வளைத்து 50 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுக்கும் நகரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 12 மீட்டர். அதாவது சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கொத்தனார் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வைப்பார். இவர்கள் வைத்த வாட்டம் அதில் நாற்பதில் ஒரு பங்கு. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. முதல் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, பல நூற்றாண்டு ஓடியது.

அந்த வாய்க்கால் கார்தோன் ஆற்றைத் தாண்டும் இடத்தில்தான் போன் து கார் நிற்கிறது. மூன்று அடுக்குத் தொட்டிப்பாலம், 49 மீட்டர் உயரம். உலகப் புகழ்பெற்றது, 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2002 செப்டம்பர் வெள்ளம் இந்தப் பகுதியையே புரட்டிப்போட்டபோதும் பாலம் அசையவில்லை. கீழ் அடுக்குகளில் சாந்தே இல்லை, கல்லோடு கல் பொருந்தி நிற்கிறது. சில கற்கள் 6 டன் எடை. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: சாரம் கட்டுவதற்காக வெளியே நீட்டி விட்ட கற்கள் அப்படியே இருக்கும். சில கற்களில் எந்தப் பக்கம், எத்தனையாவது என்று கொத்தி வைத்த குறிகள் தெரியும். நம்மூரில் பழைய வீட்டைப் பிரித்து மறுபடி கட்டும்போது மரத்தில் எண் போடுவது போலத்தான்.

எல்லாரும் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடக்க வந்தவர்களுக்கு உண்மையான விருந்து அதற்கு அப்பால்தான். வேர் கிராமத்தைச் சுற்றியுள்ள குட்டை ஓக் புதர்க்காட்டுக்குள் போனால் உடைந்த வளைவுகள் வரிசையாக நிற்கும். டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, தைம் செடி மணம் மட்டும். வாய்க்காலின் உள்சுவரில் சுண்ணாம்புப் படிவு கிட்டத்தட்ட ஒரு முழம் தடிமன் வரை ஏறியிருக்கிறது. வெட்டுமுகத்தில் மெல்லிய வரிகளாக, மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காகத் தெரியும். அந்தத் தண்ணீர் எத்தனை காலம் ஓடியது என்பதை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். நான்கு இரவு உஸேஸில் தங்கி, ஊற்றுப் பள்ளத்தாக்கு ஒரு நாள், கோலியாஸ் கிராமத்திலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பாலம் வரை ஒரு நாள், வேர் காட்டு வளைவுகள் ஒரு நாள். பிறகு நீம் நகருக்கு மாறி, ஒரு நாள் அம்ப்ருஸம் என்ற பழைய ஊரின் எச்சங்களுக்குப் போய் வாருங்கள். டொமிசியா என்ற ரோமானியச் சாலையில் வண்டிச் சக்கரங்கள் கல்லில் பதித்த பள்ளங்களும், விதூர்ல் ஆற்றின் நடுவே ஒற்றை வளைவாக மிஞ்சிய பாலமும் அங்கே உண்டு. நீம் நகரிலேயே அரங்கமும், 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மேசோன் காரே கோயிலும் இருக்கின்றன.

மாதம்: ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். தீ ஆபத்து அதிகமான நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் திடீர்ப் பெருமழை வரும், எச்சரிக்கை இருக்கும் நாளில் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கவே கூடாது. அது வேட்டைக் காலமும்கூட, பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியாத செலவு: கார். நீம், அவிஞோன் நகரங்களிலிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் கிராமங்களுக்கு எண்ணிக்கை குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். கார் இல்லாமல் முடியும், ஆனால் பஸ் நேரத்தை வைத்துத்தான் நடையைத் திட்டமிட வேண்டும். சமையலறையோடு வீடு எடுத்தால் சீசனில் சனி முதல் சனி வரை என்றுதான் தருவார்கள், விமான டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரைதான், தவறினால் இரவு வரை கடை இல்லை. கிராம உணவகங்களில் சைவம் மூன்று இடங்களிலும் இங்கேதான் கஷ்டம். ஆனால் உஸேஸ் சனிக்கிழமைச் சந்தை அதற்கு ஈடு கொடுத்துவிடும்: ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, சூடான ரொட்டி. வீட்டில் அரிசியும் பருப்பும் வைத்திருந்தால் ஒரு கவலையும் இல்லை.

எப்போது இது சரி: முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, ஒருவர் நடக்க இன்னொருவர் ஊரில் உட்கார்ந்திருக்க விரும்பும் தம்பதிக்கு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. எப்போது வேண்டாம்: ஊரிலிருந்து ஊருக்கு நடந்துகொண்டே போகவேண்டும் என்றால். இங்கே வாய்க்கால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

## லிசியப் பாதை, துருக்கி

கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி பழைய கழுதைப் பாதைகளையும் ரோமானியச் சாலைத் துண்டுகளையும் இணைத்து, 1999-ல் திறக்கச் செய்த பாதை இது. ஃபெத்தியே பக்கத்திலிருந்து அந்தால்யா பக்கம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல். சிவப்பு வெள்ளைக் கோடு பார்த்து நடக்க வேண்டும். ஒரு வாரத்தில் இதில் ஒரு துண்டுதான் முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நீங்கள் பார்க்கும் எல்லாம் ரோமானியம் அல்ல. பாறையில் வீடு போலக் குடைந்த கல்லறைகள் இந்தக் கரையில் முன்பு வாழ்ந்த லிசியர்களுடையவை, ரோமானியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தையவை. க்ளாடியஸ் பேரரசர் கி.பி. 43-ல் லிசியாவை ரோமோடு சேர்த்தார். அதையடுத்து நகரங்களுக்கு இடையிலான சாலைத் தூரங்களை எல்லாம் செதுக்கிய ஒரு நினைவுத் தூணை பதாரா நகரில் நிறுத்தினார்கள். அந்தத் தூரப் பட்டியலில் உள்ள ஊர்களுக்கு நடுவேதான் இன்றைக்கு நாம் நடக்கிறோம்.

நான் சொல்வது மேற்குத் துண்டு: ஸாந்தோஸிலிருந்து அக்பெல் வழியாக பதாரா, பிறகு சிற்றுந்தில் காஷ், அங்கிருந்து அபெர்லாய், உச்சாஸ், தெம்ரே. அக்பெலுக்கும் பதாராவுக்கும் நடுவே தெலிக்கெமர் வரும். பதாராவுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் பள்ளத்தைத் தாண்ட வேண்டிய இடத்தில், பிரான்சைப் போல உயரமாகப் பாலம் கட்டாமல், தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கி அதே அழுத்தத்தில் மறுபக்கம் ஏற்றியிருக்கிறார்கள். குழாய் எதில்? கல்லில். ஒவ்வொரு கல்லிலும் நடுவே துளை, ஒரு முகத்தில் விளிம்பு, மறுமுகத்தில் அது உட்காரும் குழி. அப்படி நூற்றுக்கணக்கான கற்களை ஒன்றோடொன்று செருகி, பெரிய கற்சுவர் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். கீழே ஆட்டுமணிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. தெம்ரே அருகே அந்த்ரியாகே துறைமுகத்தில் ஒரு தானியக் கிடங்கு முழு உயரத்தில் நிற்கிறது. அதைக் கட்டச் செய்தவர், இங்கிலாந்தில் சுவர் எழுப்பிய அதே ஹேட்ரியன்.

கால் விஷயத்தில் மூன்றிலும் கடினம் இதுதான். கத்தி போன்ற சுண்ணாம்புப் பாறை, முட்புதர். 15 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். முழுக்கால் சட்டை இல்லாமல் போகாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டராவது சுமக்க வேண்டும். அபெர்லாய்க்கு முன்னால் எனக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் குடிலுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால் எல்லா நாளும் ஒருவர் எதிர்ப்படுவார் என்று நம்பி நடக்கக் கூடாது. மேய்ச்சல் நாய்கள் வந்தால் ஓடாமல் நின்று மேய்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

மார்ச் முதல் மே, அக்டோபர், நவம்பர் தொடக்கம் நல்ல மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். சாப்பாடு மட்டும் நம் நாக்குக்கு இங்கேதான் சுகம்: பருப்புச் சூப், தயிர், கத்தரிக்காய், பீன்ஸ், சுட்ட ரொட்டி. கிராம விடுதிகளில் இரவும் காலையும் சாப்பாடு சேர்த்தே அறை தருவார்கள்.

வெளியே தெரியாத செலவு: தலாமான் அல்லது அந்தால்யா வரை இரண்டு விமானம் மாற வேண்டிவரும், போக வர இரண்டு நாள் கரையும். வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர் தருவதைவிடப் பல மடங்கு. விலைவாசி ஏற்றத்தால் போன வருடம் போனவர் சொன்ன கணக்கு இந்த வருடம் பொருந்தாது. மலைநடைக்கும் மீட்புக்கும் செல்லுபடியாகும் காப்பீடு கட்டாயம் எடுங்கள். பாதியில் நிறுத்துவது ஊர் பக்கத்தில் இருந்தால் எளிது, அபெர்லாய் போன்ற சாலையில்லாத இடத்தில் படகுதான்.

எப்போது இது சரி: ஏற்கெனவே மலைநடை பழகியவர்களுக்கு, இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு, நடை முடிந்ததும் கடலில் இறங்க ஆசைப்படுபவர்களுக்கு. எப்போது வேண்டாம்: தனியாக, முதல் முறை.

## ரோம் நகரின் அப்பியச் சாலை?

இதையும் கேட்கிறார்கள். கி.மு. 312-ல் தொடங்கிய சாலை, 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரோம் நகரை விட்டு வெளியேறும் முதல் சில மைல்கள், இருபுறமும் கல்லறைகளும் பைன் மரங்களுமாக, அருமை. பக்கத்தில் வாய்க்கால் பூங்காவும் இருக்கிறது. ஆனால் இது இரண்டு நாள் நடை. அதன்பின் பழைய சாலை பல இடங்களில் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலைக்கு அடியில் போய்விடுகிறது. ரோம் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஹேட்ரியன் சுவர் | உஸேஸ்–நீம் | லிசியப் பாதை |
|---|---|---|---|
| எச்சம் பாதையில் | நடுப்பகுதியில் நாள் முழுக்க | துண்டு துண்டாக | இடைவெளி விட்டு, ஆனால் பலவகை |
| கால் | நடுத்தரம், படி ஏற்றம் உண்டு | எளிது | கடினம் |
| நல்ல மாதம் | மே–அக்டோபர் | ஏப்ரல்–மே, செப்டம்பர் கடைசி–அக்டோபர் | மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர் தொடக்கம் |
| சைவச் சாப்பாடு | கிடைக்கும், வகை குறைவு | உணவகத்தில் கஷ்டம், சந்தை அருமை | மிக எளிது |
| பாதியில் நிறுத்த | பஸ், ரயில் | கார் இருந்தால் எளிது | இடத்தைப் பொறுத்தது |
| அங்கே போனபின் செலவு | அதிகம் | நடுத்தரம், காரோடு அதிகம் | குறைவு |

விசாவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இங்கிலாந்துக்கு ஒரு விசா, பிரான்சுக்கு ஷெங்கன் விசா. ஒன்றை வைத்து மற்றதுக்குள் போக முடியாது. அதனால் சுவரையும் வாய்க்காலையும் ஒரே பயணத்தில் சேர்க்கும் யோசனை காகிதத்தில் தெரிவதைவிட விலை அதிகம். துருக்கிக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால் ஆன்லைனிலேயே விசா எடுக்கும் வசதி இந்தியர்களுக்கு உண்டு. விதிகள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எதைச் சொன்னேன்

ஓய்வுபெற்ற நண்பர்கள் இருவரும் நன்றாக நடப்பவர்கள், ஆனால் வெளிநாட்டில் நெடுநடை அதுவே முதல் முறை. ஹால்ட்விசிலில் தங்கிச் சுவரின் நடுப்பகுதியை நடக்கச் சொன்னேன். ஜூன் மாதம் போனார்கள், இரண்டு நாள் மழை, ஐந்து நாள் வெயில். அண்ணன் மகனுக்கு வயது இருபத்தாறு, கல்லூரி நாட்களிலிருந்தே மலையேறுபவன், கையில் பணம் குறைவு, கூட வர இரண்டு நண்பர்கள். அவனுக்கு லிசியாவைத் தவிர வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். மாமா ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார், ஆனால் நல்ல காபிக் கடையில் நாள் முழுக்க உட்காருவார். உஸேஸ் என்றேன். மே முதல் வாரம், சமையலறையோடு வீடு, மாமா கார் ஓட்டுவார். வரிசை ஒன்று மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். நீம் நகரில், சாதாரணத் தெரு ஒன்றின் ஓரத்தில், கம்பி வேலிக்குள் ஒரு வட்டத் தொட்டி இருக்கிறது. ஆறு மீட்டர் அகலம் இருக்கும். சுவரில் ஈயக் குழாய்கள் செருகப் பத்து ஓட்டைகள். ஊற்றிலிருந்து 50 கிலோமீட்டர் வந்த தண்ணீர் ஊருக்குள் பிரிந்து போன இடம் அது. கட்டணம் இல்லை, பெரிய பலகை இல்லை, பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். முதல் நாளே போய்ப் பார்த்தால் அது வெறும் தொட்டி. ஊற்றில் தொடங்கி, காட்டு வளைவுகளையும் பாலத்தையும் நடந்து முடித்த பிறகு, கடைசி நாள் மாலை அங்கே போ அக்கா என்றேன்.